‘மற்றொருவனாலும் ஆராய்ந்து நிதானிக்கப்படான்’: இந்த வசனம் யாரைக் குறிக்கிறது?

கேள்வி: கரிசல்காட்டு விசுவாசி

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஐக்கியத்தில் இருக்கிறேன். அதற்கு முன்பு எங்கள் குடும்பம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). இப்போது இருக்கும் சபையில் நகை அணிவதில்லை. ஞானஸ்நானம் எடுத்த அன்று, யாரும் வற்புறுத்தாமலே, காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். அது எனக்கு இழப்பாகவே தோன்றவில்லை. சென்ற தை மாதம் என் தங்கையின் கலியாணத்தில், அம்மா கண் கலங்கிக் கேட்டுக்கொண்டதால், ஒரு தோடும் மெல்லிய சங்கிலியும் அரை நாள் போட்டிருந்தேன். யாரோ எடுத்த படம் வாட்ஸ்அப் வழியாகச் சபைக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் கர்த்தருடைய பந்தியில் பங்குபெற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பங்குனியில் என் மகனுக்கு டெங்கு வந்தது. உபவாச ஜெபத்தில் எங்கள் பாஸ்டர், “இந்த வீட்டுக்குள் வரக்கூடாத பொருள் ஒன்று வந்ததினால்தான் இந்த வியாதி என்று கர்த்தர் எனக்குக் காட்டினார்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சில நாள் கழித்து நானும் என் கணவரும் அவரைத் தனியே சந்தித்து, “ஐயா, அது கர்த்தர் காட்டியதுதான் என்று நாங்கள் எப்படி அறிந்துகொள்வது?” என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை. வேதத்தைத் திறந்து 1 கொரிந்தியர் 2:15-ஐ வாசித்தார்: “ஆவிக்குரியவன் எல்லாவற்றையும் ஆராய்ந்து நிதானிக்கிறான்; ஆனாலும் அவன் மற்றொருவனாலும் ஆராய்ந்து நிதானிக்கப்படான்.” அதோடு பேச்சு முடிந்தது.

அன்று இரவு அதே வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நானும் ஆவியைப் பெற்றவள்தானே, அப்படியானால் என்னைப் பற்றிப் பேசும் பெண்களின் தீர்ப்பு எனக்கு எதற்கு என்று ஒரு கணம் பெரிய ஆறுதல் வந்தது. உடனே பயமும் வந்தது, ஏனென்றால் அவர் என் வாயை அடைக்க எடுத்த வசனத்தை நான் அவர்கள் வாயை அடைக்க எடுக்கிறேன். இது உண்மையில் யாரைப் பற்றிச் சொல்லப்பட்டது? பாஸ்டரின் வார்த்தையைச் சோதித்துப் பார்ப்பது பாவமா? மற்றவர்களின் பேச்சு என்னைக் குத்தாதபடி, அதே வேளையில் என் இருதயம் கல்லாகிப் போகாதபடி, எப்படி வாழ்வது? சபையை விட்டு விலகும் எண்ணம் எனக்கு இல்லை. “வெளியே வந்துவிடுங்கள்” என்ற பதிலை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற வேத ஆசிரியர்

சகோதரி, ஒரே வசனத்தை இரண்டு பேர் ஒருவர் வாயை ஒருவர் அடைக்கப் பயன்படுத்தக்கூடும் என்று தெரிந்தவுடன் நின்று யோசித்தீர்களே, அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

“ஆராய்ந்து நிதானித்தல்” என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்வது கிரேக்கத்தில் ‘அனக்ரினோ’ என்ற வினைச்சொல். அது விசாரணைக்குரிய சொல். பிலாத்து இயேசுவை விசாரித்ததற்கும் (லூக்கா 23:14), ரோமர்கள் பவுலை விசாரித்ததற்கும் (அப்போஸ்தலர் 28:18) இதே சொல்தான் வருகிறது. புதிய ஏற்பாட்டில் இது வரும் 16 இடங்களில் 10 இடங்கள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் மட்டுமே இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கொரிந்து சபையார் பவுலை மற்ற ஊழியர்களான அப்பொல்லோவோடும் கேபாவோடும் (பேதுருவோடும்) ஒப்பிட்டு, அவருடைய பேச்சுத் திறமையையும் அப்போஸ்தல உரிமையையும் விசாரணைக்கு உட்படுத்திக்கொண்டிருந்தார்கள். 9-ஆம் அதிகாரத்தில் தம்மை விசாரிக்கிறவர்களுக்கு அவர் மறுமொழி சொல்வதைப் பாருங்கள். ஆகவே அந்த வசனத்தை எழுதியவர் அதிகாரத்தின் நாற்காலியில் அமர்ந்து எழுதவில்லை. உங்களைப் போலவே, பிறர் வாயில் விழுந்த நிலையில் எழுதினார்.

அடுத்து, முந்தின வசனத்தை விட்டுவிட்டு 15-ஆம் வசனத்தைத் தனியே எடுக்க முடியாது. ஜென்மசுபாவமான மனுஷனுக்கு தேவனுடைய ஆவிக்குரியவைகள் பைத்தியமாகத் தோன்றும் என்று 14-ஆம் வசனம் சொல்கிறது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரை ஆண்டவர் என்று சொல்லும் மனிதனை அளப்பதற்கு, சிலுவையை முட்டாள்தனமாகக் காண்கிறவனிடம் அளவுகோல் இல்லை என்பதே அந்த வாதத்தின் பொருள். ஒரே ஆவியைப் பெற்ற இருவரில் ஒருவர் மற்றவரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. 16-ஆம் வசனம் “எங்களுக்கோ கிறிஸ்துவின் சிந்தை உண்டாயிருக்கிறது” என்று பன்மையில் முடிகிறது. அதற்கு அடுத்த வரியிலேயே, உங்களை ஆவிக்குரியவர்களென்று எண்ணிப் பேசக்கூடாமற்போயிற்று என்று பவுல் அவர்களிடமே சொல்லி, அவர்களுக்குள் இருந்த பொறாமையையும் வாக்குவாதத்தையும் அதற்கு அடையாளமாகக் காட்டுகிறார். ‘ஆவிக்குரியவன்’ என்ற பட்டத்தை யாரும் தனக்குத்தானே சூட்டிக்கொண்டு விசாரணையிலிருந்து தப்பிக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தீர்க்கதரிசனத்தைச் சோதிப்பது பற்றிக் கேட்டீர்கள். அதே நிருபம் 14:29, தீர்க்கதரிசிகள் இரண்டு அல்லது மூன்று பேர் பேசலாம், “மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்” என்கிறது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள்; அங்கே “ஆராய்ந்துபார்த்தது” என்பதும் அதே அனக்ரினோதான் (அப்போஸ்தலர் 17:11). அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று லூக்கா எழுதுகிறார். ஆகவே நீங்களும் உங்கள் கணவரும் தனியே போய் மரியாதையோடு கேட்டது பாவம் அல்ல. மகனுடைய வியாதியைப் பொறுத்தவரை, பிறவிக் குருடனைக் குறித்து, “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்று ஆண்டவர் சொன்னது (யோவான் 9:3) போதும் என்று நினைக்கிறேன். உங்கள் தெருவில் வேறு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்திருந்தால், அவர்கள் வீட்டில் எந்தச் சங்கிலி இருந்தது என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதற்கு நான் 4-ஆம் அதிகாரத்துக்கே போவேன். “நான் உங்களாலேயாவது மனுஷருடைய நியாயநாளின் விசாரணையினாலேயாவது தீர்ப்பைப் பெறுவது எனக்கு மிகவும் அற்பகாரியமாயிருக்கிறது, நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை” என்கிறார் பவுல். “மனுஷருடைய நியாயநாள்” என்பது கிரேக்கத்தில் “மனித நாள்” என்றுதான் இருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அவனவன் வேலையை வெளிப்படுத்தும் கர்த்தருடைய நாளுக்கு எதிரே அது நிறுத்தப்படுகிறது. கொரிந்து நகரத்தில் ரோம அதிபதி கல்லியோனுடைய நியாயாசனத்துக்கு முன்பாகப் பவுல் உண்மையாகவே நிறுத்தப்பட்டிருந்தார் (கி.பி. 51-ஐ ஒட்டிய காலம், அந்த மேடையின் இடிபாட்டை இன்றும் அங்கே காட்டுகிறார்கள்), ஆகையால் விசாரணை என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், வாசித்தவர்களுக்கும் தெரியும். கவனியுங்கள், அவர் மூன்று நீதிமன்றங்களிலிருந்து வெளியே வருகிறார்: சபையாருடையது, ஊராருடையது, தம்முடையது. நம்மில் பலர் முதல் இரண்டிலிருந்தும் வெளியேற ஆசைப்பட்டு மூன்றாவதில் குடியேறிவிடுகிறோம். இரவெல்லாம் நம்மை நாமே குற்றஞ்சாட்டி, நாமே வாதாடி, நாமே விடுதலை செய்துகொள்கிறோம். பவுலோ, “என்னிடத்தில் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை” என்று சொல்லி வழக்கையே வேறு ஒருவர் கையில் விட்டுவிடுகிறார். இருதயம் கல்லாகாமல் இருப்பதற்கான வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், ஏனென்றால் கல்லாகிறவன் இன்னும் தன் வழக்கைத் தானே நடத்திக்கொண்டிருக்கிறான்.

பதில்: தாமிரபரணிக்கரை ஊழியன்

ஐயா எழுதியதை மரியாதையோடு வாசித்தேன். ஆனால் ஒரு பக்கம் மட்டுமே வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் சபைகளில் நகையைக் கழற்றுவது வெறும் சட்டம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்டுப் பெண் எடுக்கும் ஊரில், கூலி வேலை செய்யும் விதவையும் கடைக்காரர் மனைவியும் ஒரே பாயில் வெறுங்கழுத்தோடு உட்காருவது எவ்வளவு பெரிய சாட்சி என்பதை அந்த விதவையிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சாட்சிக்குள் மனப்பூர்வமாக வந்த ஒருவர் அதிலிருந்து விலகும்போது, சபை அதைக் கவனிக்காமல் இருக்க வேண்டுமா?

மேலும், உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள் என்று எபிரெயர் 13:17 சொல்கிறது. “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமல்” இருங்கள் என்று 105-ஆம் சங்கீதம் எச்சரிக்கிறது. ஒவ்வொரு விசுவாசியும் ஊழியக்காரரை விசாரிக்கத் தொடங்கினால், அவனவன் தன்தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்த நியாயாதிபதிகளின் காலம்தான் திரும்பும். ஆனாலும் வியாதிக்குக் காரணம் இதுதான் என்று சபை நடுவில் சொன்னதை நான் ஆதரிக்கவில்லை. என் ஊழியத்தின் தொடக்கத்தில் நானும் ஒரு குடும்பத்திடம் அப்படிப் பேசியிருக்கிறேன், பின்பு அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பதில்: ஓய்வுபெற்ற வேத ஆசிரியர்

பாயைப் பற்றி நீங்கள் எழுதியதை மனதார ஏற்கிறேன். அதை நான் சொல்லாமல் விட்டது குறை. ஆனால் அந்தப் பாயின் அழகு, ஒவ்வொருவரும் தாமாக வந்து உட்கார்ந்ததில்தான் இருக்கிறது. ரோமர் 14-இல் உணவையும் நாட்களையும் குறித்துப் பவுல் பேசும்போது, “அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்கிறார், “மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?” என்றும் கேட்கிறார். தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தவனைக் குறித்து 1 கொரிந்தியர் 5-இல் அதே பவுல் வேறு குரலில் பேசுகிறார். அங்கே சபை தீர்ப்புச் செய்தே ஆகவேண்டும். கலியாண வீட்டில் அரை நாள் போட்ட தோட்டை இந்த இரண்டில் எந்த அதிகாரத்துக்குள் வைப்பது என்பதே கேள்வி. அதை 5-ஆம் அதிகாரத்துக்குள் வைத்துப் பந்தியை மறுத்தது எனக்குப் புரியவில்லை.

105-ஆம் சங்கீதத்தில் அபிஷேகம் பெற்றவர்கள் என்பது, தேசம் விட்டு தேசம் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எச்சரிக்கப்படுகிறவர்களோ ராஜாக்கள். பலமுள்ளவனிடமிருந்து பலவீனனைக் காக்க வந்த வசனத்தை நாம் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். தாவீது தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின்மேல் கை போடவில்லை என்பது உண்மை, ஆனால் குகைக்கு வெளியே நின்று அவன் படைகள் கேட்கவே அவனைக் கேள்வி கேட்டான். அதே தாவீது ராஜாவானபின், “நீயே அந்த மனுஷன்” என்று தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேராகச் சொன்னபோது, நான் அபிஷேகம் பெற்றவன் என்று பதில் சொல்லவில்லை.

பதில்: பழைய ஏடுகள்

வசனத்தின் பொருளை ஐயா விளக்கிவிட்டார். சரித்திரத்தில் அது பட்ட பாட்டை நான் சொல்லலாம். 1302 நவம்பரில், பிரான்ஸின் நான்காம் பிலிப்பு அரசனோடு மோதிக்கொண்டிருந்த எட்டாம் போனிஃபாஸ் பாப்பரசர், ‘ஊனாம் சாங்தாம்’ என்ற ஆணையை வெளியிட்டார். உலக அதிகாரம் தவறினால் ஆவிக்குரிய அதிகாரம் அதை நியாயந்தீர்க்கும், ஆவிக்குரிய அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர் தவறினால் தேவன் ஒருவரே தீர்ப்பார், மனிதர் அல்ல என்று அதில் எழுதி, ஆதாரமாகக் காட்டியது 1 கொரிந்தியர் 2:15-ஐத்தான். சரியாக 218 ஆண்டுகள் கழித்து, 1520-இல், மார்ட்டின் லூத்தர் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் அதே வசனத்தை எடுத்து, ஒவ்வொரு கிறிஸ்தவனுக்கும் ஆவி அருளப்பட்டிருக்கும்போது பாப்பரசரின் போதனையை நிதானிக்க நமக்கு உரிமை எப்படி இல்லாமற்போகும் என்று கேட்டார். சகோதரிக்கு ஒரே இரவில் நடந்தது ஐரோப்பாவுக்கு இரண்டு நூற்றாண்டில் நடந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1521-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்விக்காவ் ஊரிலிருந்து மூன்று பேர் விட்டன்பர்க்குக்கு வந்து, தேவன் எங்களோடு நேரடியாகப் பேசுகிறார் என்றார்கள். வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த லூத்தர், என்ன செய்வதென்று தடுமாறிய தம் உடன் ஊழியர் மெலாங்தனுக்கு 1522 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், அவர்களைச் சோதித்துப் பாருங்கள், ஆத்தும வேதனையை அவர்கள் அனுபவித்திருக்கிறார்களா என்று கேளுங்கள், எல்லாம் இனிமையாகவும் அமைதியாகவும் இருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டாம் என்றார். பாப்பரசரைச் சோதிக்க உரிமை கேட்டவர், தம் பக்கத்துக்காரர்களையும் சோதிக்காமல் விடவில்லை.

இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு. முதல் நூற்றாண்டின் முடிவையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் ‘திதாக்கே’ என்ற சிறு நூலின் கையெழுத்துப் பிரதி 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. அதன் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது: ஆவியில் பேசுகிற தீர்க்கதரிசியைச் சோதிக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே, ஆவியில் பேசுகிற எல்லோருமே தீர்க்கதரிசிகள் அல்ல, ஆண்டவருடைய நடத்தை ஒருவனிடம் இருந்தால் மட்டுமே அவன் தீர்க்கதரிசி என்கிறது. மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளன், ஆவியில் பேசும்போதே தனக்குப் பணம் கேட்டால் கள்ளன் என்று மிக நடைமுறையான அளவுகோல்கள் தருகிறது. பேச்சின்போது குறுக்கிடாதே, நடத்தையைப் பார் என்று அதை நான் புரிந்துகொள்கிறேன். நம் கன்வென்ஷன் மேடைகளில் இந்த அதிகாரத்தை வாசித்தால் நிகழ்ச்சி நிரலில் பாதி காலியாகிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதில்: தேர்ந்து தெளிதல்

நான் கத்தோலிக்கன், குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் இதைத் ‘தேர்ந்து தெளிதல்’ என்பார்கள், அதற்கு விதிகள் எழுதியவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1521-இல் பாம்ப்லோனாவில் காலில் குண்டடி பட்டு லொயோலாவில் படுத்திருந்தபோது, வீரச் செயல்களைப் பற்றிய கனவுகள் இனித்துவிட்டுப் பின்பு வறட்சியை விட்டுச் சென்றதையும், கிறிஸ்துவையும் புனிதர்களையும் பற்றிய எண்ணங்கள் கடந்துபோன பின்பும் மகிழ்ச்சி நிலைத்ததையும் அவர் கவனித்தார். தெளிதலை அவர் அங்கிருந்துதான் கற்றார்.

சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது அதற்குப் பின் நடந்தது. படிப்பறிவு குறைந்த இந்த மனிதர் ஆன்மாவைப் பற்றி எப்படிப் போதிக்கலாம் என்று சந்தேகப்பட்டு, 1527-இல் அல்கலாவில் அவரை 42 நாளும் சலமான்காவில் 22 நாளும் சிறையில் வைத்து விசாரித்தார்கள். ஆவியானவர் எனக்குக் கற்பித்தார், நீங்கள் யார் என்னை விசாரிக்க என்று அவர் சொல்லவில்லை. தம் பயிற்சிக் குறிப்புகளை அவர்கள் கையிலேயே கொடுத்தார். பிற்பாடு உரோமையில் வதந்தி கிளம்பியபோது, சமாதானமாக விட்டுவிடலாம் என்று பலர் சொல்லியும், முறையான விசாரணை நடத்தித் தீர்ப்பை எழுத்தில் தாருங்கள் என்று அவரே வற்புறுத்தினார். ஆவிக்குள் சுதந்திரமாக இருப்பவருக்கு விசாரணை அவமானமாகத் தெரிவதில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

அவருடைய விதிகளில் இரண்டு உங்களுக்கு உதவலாம். மனம் வறண்டு கலங்கியிருக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்ற வேண்டாம் என்பது ஒன்று. சபையில் இருப்பதா விலகுவதா என்பதை மட்டுமல்ல, நகையைக் குறித்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த தீர்மானத்தையும் இந்த மாதங்களின் காயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதிரி ரகசியத்தை விரும்புகிறான், பக்குவமான ஒருவரிடம் திறந்து சொன்னவுடன் அவன் சூழ்ச்சி குலைகிறது என்பது மற்றொன்று.

மீண்டும்: கரிசல்காட்டு விசுவாசி

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதிய மூன்று நீதிமன்றங்களை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவதில்தான் நீ குடியிருக்கிறாய் என்று சிரிக்காமலே சொன்னார்.

தாமிரபரணிக்கரை அண்ணன் எழுதிய விதவையைப் போல ஒரு அம்மா எங்கள் சபையிலும் இருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் இதுவரை யோசிக்கவே இல்லை. என்னைப் பற்றிப் பேசியவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்து வைத்திருந்தேன், ஆனால் அவர் பேசினார் என்பதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். நகையைப் பற்றி இருவருமே ஒன்றும் பேசவில்லை. பையன் சாப்பிடுகிறானா என்று கேட்டு, நிலவேம்புக் கஷாயத்துக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்.

தோட்டைத் திரும்பப் போடப்போவதில்லை. ஆனால் அது பயத்தினால் அல்ல என்பதைப் பாஸ்டரிடம் சொல்லவேண்டும், மகனுடைய வியாதியைக் குறித்து அவர் சொன்னதை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இம்முறை சபை மூப்பர் ஒருவரையும் உடன் வரும்படி கேட்டிருக்கிறோம். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும்படி பாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஜெபித்துக்கொள்ளுங்கள்.